பெட்டிசம் எழுதிய அப்பாவும் ஆலோசகரான மருமகனும்

கடந்த நோன்புப் பெருநாளைக்கு என் தங்கையின் மகன் கொழும்பிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு வந்திருந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் முன் விறாந்தையில் இருக்கும்போது ஒரு விசிட்டிங் காட்டை எடுத்து என் கையில் தந்தான். பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதல் வரி 'கவர்ன்மன்ட் ரிலேஷன்ஸ் கன்சல்டன்ட்', இரண்டாவது வரி 'பொலிட்டிகல் கொமன்டேட்டர்'. அரசாங்கத் தொடர்பு ஆலோசகர், அரசியல் விமர்சகர் என்று தமிழில் சொல்லலாம்.

உம்மாவுக்கு இப்போது 88 வயது. காது கொஞ்சம் மந்தம், புத்தி மந்தமில்லை. "அதென்ன தொழில் மகன்?" என்று கேட்டா.

"உம்மம்மா, கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல நின்டு பேசுற வேல. எந்தக் கந்தோருக்கு, எந்தப் பெரியவருக்கு, எப்ப, என்ன எழுதிக் குடுக்கணும் என்டு சொல்லிக் குடுக்கிற. ராவைக்கு டீ.வி.யில அரசியல் பேசுற."

உம்மா சிரித்தா. "அடேய், இது எங்கட வாப்பா செஞ்ச வேலதானே. அவர் பெட்டிசம் எழுதினார். ஒனக்குக் காட் அடிச்சீக்கு, அவருக்கு அது இல்ல. வேறென்ன வித்தியாசம்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. உண்மையிலேயே என்ன வித்தியாசம்? இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது, எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அது கெட்டுப்போகிறது என்பதை எங்கள் சப்ரகமுவத் தோட்டப் பகுதியின் அனுபவத்தை வைத்து விளக்கலாம் என்று இதை எழுதுகிறேன். இதில் எங்கள் குடும்பத்துக் கடன் ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிசத்தின் உடம்பு

உம்மாவின் தகப்பனாரை நாங்கள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவோம். கீழக்கரையிலிருந்து வந்து யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் புடவையும் பலசரக்கும் விற்றவர். தமிழும் அரபுத்தமிழும் நன்றாக எழுதுவார். ஆங்கிலம் கந்தோர்க் கடிதம் எழுதும் அளவுக்கு வரும். கடையின் பின்பக்கத்தில் ஒரு மேசை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வருவார்கள். சாமான் கட்டி முடிந்ததும் சிலர் மெதுவாக, "மொதலாளி, ஒரு பெட்டிசம் எழுதணுமுங்க" என்பார்கள்.

பெட்டிசம் என்றால் இன்றைக்கு நாம் 'அவன் மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டுட்டான்' என்று கோள் சொல்வது போலப் பேசுகிறோம். அன்றைக்கு அது ஏழையின் ஒரே வாய். அதற்கு ஓர் உடம்பு உண்டு என்று அப்பா சொல்வாராம். யாருக்கு எழுதுகிறோம், எழுதுகிறவர் யார், நடந்தது என்ன, எந்தச் சட்டத்தின்படி அது பிழை, என்ன செய்து தர வேண்டும் என்று ஐந்து உறுப்பு. அழுகையை நிறைய எழுதி, கேட்பது என்ன என்று எழுதாமல் விட்டால் கிளாக்கர் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார். 'துரை அடிக்கிறார்' என்று வந்தவரிடம் எந்த நாள், எந்த மலை, பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுதுவாராம்.

இன்றைய ஆலோசகர் செய்வதும் இதுதான். முதலாவது, ஏணி தெரிய வேண்டும். எந்த விஷயம் எந்தப் படியில் தீரும் என்று. இரண்டாவது, மனிதருடைய குறையைக் கந்தோருக்குப் புரியும் பாஷையில் மாற்ற வேண்டும். மூன்றாவது, எழுதியதோடு விடாமல் பின்னால் திரிய வேண்டும், தவணை தப்பக்கூடாது. இந்த மூன்றுக்கும்தான் கூலி.

எங்கள் பக்கத்தில் அந்த ஏணி கொஞ்சம் சிக்கலானது. 1889 இல் சப்ரகமுவ தனி மாகாணமானது. இரத்தினபுரியில் அரசாங்க அதிபர், கேகாலையில் உதவி அரசாங்க அதிபர். ஆனால் தோட்டத்துக்குள் நடப்பது கச்சேரிக்கு வருவதே அபூர்வம். உள்ளே கங்காணி, அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை, மேலே சின்னதுரை, பெரியதுரை. குறை சொல்ல வேண்டிய ஆளே குறையைக் கேட்கும் ஆளாகவும் இருப்பார். 1922 இல் இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் வந்த பிறகு, 1923 இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜன்ட் ஒருவர் கண்டியில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்து ஆட்களைப் பற்றி இந்திய அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புவதும் இங்குள்ள அரசாங்கத்தோடு பேசுவதும் அவருடைய வேலை. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்ததில் அந்தப் பக்கத்து நெருக்குதலுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைய பேச்சில் சொன்னால், அதுவே ஒரு அரசாங்கத் தொடர்புக் கந்தோர்தான். ஆனால் யட்டியாந்தோட்டையில் பால் வெட்டுகிறவர் கண்டிக்குப் போக ஒரு நாள் பேர் இழக்க வேண்டும். அதனால்தான் கடைக்குப் பின்னால் அந்த மேசை தேவைப்பட்டது.

பொட்டலம் சுமந்து போன பத்திரிகைக்காரர்

ஆலோசகர், விமர்சகர் என்ற இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ததற்கு மலையகத்தில் பெரிய உதாரணம் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். அங்கே வணிகப் பாடம் படிப்பித்து, 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். கொழும்பு வர்த்தகர்களோடு ஏற்பட்ட தொடர்பால் இலங்கைக்கு வந்தார். தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாத காலம் அது. நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் வழி திறந்திருந்தது: தலையில் பொட்டலம் சுமந்து லயம் லயமாகப் போகும் புடவை வியாபாரிகள். அவர்களில் நம்மட ஆட்கள் நிறையப் பேர். நடேசய்யரும் புடவைக்காரர் வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள்.

1921 இல் 'தேச நேசன்', 1924 இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1924 சட்டசபைத் தேர்தலில் இந்தியர்களுக்கான இரண்டு ஆசனங்களுக்கு ஐ. எக்ஸ். பெரேராவும் முகம்மது சுல்தானும் தெரிவானார்கள். சுல்தான் காலமானதால் 1925 இல் நடந்த இடைத்தேர்தலில் நடேசய்யர் உள்ளே போனார். ஏ. ஈ. குணசிங்கவோடு கொழும்புத் தொழிலாளர் இயக்கத்தில் வேலை செய்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பேச்சு அந்த இயக்கத்தில் எழுந்தபோது பிரிந்து போனார். 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். வாசிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் போய்ச் சேரும். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதி உறுப்பினராக இருந்து, 1947 நவம்பரில் காலமானார்.

இந்த வாழ்க்கையில் நான் கவனிப்பது ஒன்றை. காலையில் துரைமார் சங்கத்தோடும் அரசாங்கத்தோடும் பேசுவார். மாலையில் அதே விஷயத்தைப் பத்திரிகையில் எழுதுவார். பேசியது யாருக்காக என்று வாசிக்கிறவருக்குத் தெரியும். அவருடைய பத்திரிகையை எடுத்தால் அது தொழிலாளர் பக்கம் என்பது முதல் வரியிலேயே விளங்கும். அவரோடு ஒத்துப்போகாதவர்கள் இருந்தார்கள். அவர் போன பாதையில் வளைவுகளும் இருந்தன. ஆனாலும் யாருடைய பணத்தில் யாருக்காகப் பேசுகிறார் என்ற சந்தேகத்தை வாசகன் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மட சமூகத்திலும் இது புதிதல்ல. சித்திலெப்பை சட்டத்தரணி. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதையும் சமூகத்துக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே பத்திரிகையில் வைத்தார். 1889 இல் எம். ஸீ. அப்துல் ரஹ்மான் சட்டசபைக்கு முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நியமனம் என்றால் என்ன? வாக்கில்லாமல் அரசாங்கத்தோடு பேசக் கிடைத்த ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காக எத்தனை பெட்டிசம் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிற்சங்க வரலாற்றிலும் அப்துல் அஸீஸ் என்ற பெயரைத் தள்ளிவிட முடியாது. 1939 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்தே முன்வரிசையில் நின்றவர். பின்னர் தொண்டமானோடு முரண்பட்டு 1956 இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1970 இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். லயத்து மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களல்லர். அவர்களுக்காக ஒரு முஸ்லிம் பல பத்தாண்டுகள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

கேகாலையிலிருந்து லண்டன் வரை

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு ஒரு தனி நிலைமை உண்டு. நுவரெலியாப் பக்கம் மலை மலையாகத் தேயிலையும் அதற்குள் தமிழரும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். இங்கே அப்படியில்லை. கேகாலையில் இறப்பரும் இரத்தினபுரியில் தாழ்நிலத் தேயிலையும் இறப்பருமாகத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் ஒன்றுகூட சப்ரகமுவவில் இல்லை. வாக்கால் ஆள் அனுப்ப முடியாத இடத்தில் பெட்டிசமும் வழக்கும்தான் வழி. நாட்டையே அசைத்த இரண்டு விவகாரங்கள் கேகாலை மாவட்டத்திலிருந்து கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்று, 1946 இல் நடந்த நேவ்ஸ்மயர் தோட்ட விவகாரம். உந்துகொடைப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்தது. காணியில்லாத சிங்களக் கிராமத்தவருக்குக் காணி கொடுப்பது நோக்கம். அவர்களுடைய தேவையும் பொய்யல்ல. ஆனால் லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. எங்கே போவது? அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறி இருப்பதாக வழக்கு வந்தது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு ஏழையின் காணிக் கோரிக்கையை இன்னொரு ஏழையின் கூரைக்கு எதிராக நிறுத்திய விவகாரம் அது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நம்பிக்கையான ஒருவர் நின்று பேசியிருந்தால் வேறு வழி பிறந்திருக்கலாம்.

மற்றது, சட்டப் புத்தகங்களில் இன்றும் படிக்கப்படும் கோடக்கன்பிள்ளை வழக்கு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன்பிள்ளை கேட்டார். பதிவு உத்தியோகத்தர் மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரம் கோடக்கன்பிள்ளை பக்கம் தீர்ப்புச் சொன்னார். சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்கிறது. ஆகவே இந்தச் சட்டங்கள் செல்லாது என்பது வாதம். 1951 இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. 1953 இல் லண்டன் கோமறை மன்றமும் தள்ளியது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான வேலை என்று சொல்லிவிட்டார்கள். ருவான்வெல்லையிலிருந்து தொடங்கிய ஒரு பெயர்ச் சேர்ப்பு மனு உலகத்தின் உச்சப்படி வரைக்கும் ஏறி, வெறுங்கையோடு இறங்கியது.

அப்பாவின் இரண்டு திகதிகள்

இதற்கு நடுவில் 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெயரைக் கவனியுங்கள். அது லயத்து மக்களுக்கு மட்டுமான சட்டமல்ல. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினத்திலிருந்து வந்து கடை வைத்த நம்மட ஆட்களும் அதற்குள்தான் வந்தார்கள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை. விவாகமானவர் என்றால் 1946 ஜனவரி 1 க்கு முன் ஏழு வருடம், மற்றவர் பத்து வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். மனைவி, பிள்ளை, வருமானம் என்று எல்லாவற்றுக்கும் அத்தாட்சி. பிறப்புச் சான்றிதழே இல்லாத மக்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! தொழிற்சங்கங்கள் முதலில் பகிஷ்கரிப்பு என்று நின்று, பிறகு விண்ணப்பிக்கச் சொன்னதில் காலமும் போயிற்று. கடைசியில் 8 இலட்சத்துக்கும் அதிகமான பேருக்காகச் சுமார் 237,000 விண்ணப்பங்கள் போயின. வருடக்கணக்காக விசாரித்த பிறகு சுமார் 134,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது.

அந்தப் பாரங்களில் சில எங்கள் கடையின் பின்மேசையில் நிரப்பப்பட்டவை. லயத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாது, போனாலும் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் போகும் என்று பலர் கடை விலாசத்தையே கொடுத்தார்கள். அப்பா கூலி வாங்கினார். ஒரு பாரத்துக்கு ஒரு ரூபா என்று உம்மாவுக்கு ஞாபகம். கூலி வாங்கியதில் பிழையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிழை வேறு இடத்தில் நடந்தது. அப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டி என்னிடம் வந்தது. பாரங்களின் பிரதிகள், தபால் துண்டுகள். அவற்றுக்கு நடுவே கொழும்பிலிருந்து வந்த ஆங்கில நோட்டீஸ் ஒன்று. ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் விண்ணப்பம் சம்பந்தமானது. செக்ரோலில் இருக்கும் பெயரும் பாரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றல்ல, குறித்த தவணைக்குள் காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று அதில் இருந்தது. அந்தப் பெயரைப் பாரத்தில் எழுதியது அப்பாவின் கை. வீட்டில் கூப்பிடும் முழுப் பெயரை எழுதியிருக்கிறார். தோட்டக் கணக்கில் பாதிப் பெயர்தான். ஒரு சத்தியக் கடதாசியால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம்.

நோட்டீஸின் ஓரத்தில் அப்பா அரபுத்தமிழில் இரண்டு திகதி எழுதியிருந்தார். ஒன்று தபால் வந்த நாள். மற்றது பிரித்த நாள். இரண்டுக்கும் இடையில் நான்கு மாதம். தவணை முடிந்துவிட்டது.

உம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: "அந்த நாள்ல வாப்பா கடையில இல்ல மகன். கொழும்புக்கும் கண்டிக்கும் ஓடிக்கொண்டீந்தார். எங்கட பைலுக்காக." அப்பாவும் விண்ணப்பதாரிதான். அவருடைய கோப்பிலும் கேள்வி வந்திருந்தது. தன் கோப்புக்குப் பின்னால் ஓடியவர், மேசையில் கிடந்த மற்றவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தக் குடும்பம் எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. போகும் முன் கடைக்கு வந்து அப்பாவிடம் சலாம் சொல்லி, பழைய கடன் 11 ரூபாவையும் கட்டிவிட்டுப் போனார்கள் என்று உம்மா சொன்னா. அப்பா வாங்க மாட்டேன் என்று சொல்லியும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு அப்பா எவருக்கும் பெட்டிசம் எழுதவில்லை.

இங்கே மிஞ்சியவர்களுக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் ஒருவாறு கதவைத் திறந்தன. அந்தக் கப்பலில் போனவர்களுக்கு அது பிரயோசனப்படவில்லை.

அப்பா கெட்டவரல்ல. லஞ்சம் வாங்கவில்லை, யாரையும் விற்கவில்லை. ஒரே மேசையில் தன் காரியமும் பிறர் காரியமும் கிடந்தன; எது முந்தி என்று வந்தபோது தன் காரியம் முந்திக்கொண்டது. நடுவில் நிற்கும் தொழிலின் ஆபத்து அதிகமாக இப்படித்தான் வருகிறது. பெரிய துரோகமாக வருவது குறைவு.

இன்றைய மேசை

மருமகனுக்கு இதையெல்லாம் அன்றைக்கு இரவே சொன்னேன். அவன் வேலையைப் பற்றியும் விவரமாகக் கேட்டேன். ஒரு வர்த்தமானி வரப்போகிறது என்றால் முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது, அமைச்சுக்கு யோசனைக் கடிதம் தயாரிப்பது, பாராளுமன்றக் குழுவில் சாட்சி சொல்லப் போகிற முதலாளிக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, பழைய உத்தியோகத்தர்களின் பழக்கத்தை வைத்து நேரம் எடுப்பது. இதில் எதுவும் சட்டவிரோதமில்லை. அரசாங்கத்துக்கும் தகவல் தேவை. ஒரு தொழிலின் உள் விஷயம் அதிலே இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் இதே தொழில் எங்கே போய் முடியலாம் என்பதற்கு இலங்கைக்கு ஒரு விலையுயர்ந்த பாடம் இருக்கிறது. 2014 இல் நம் அரசாங்கம் அமெரிக்காவில் தன் பெயரைத் திருத்திக்கொள்ள இமாத் சுபேரி என்ற கலிபோர்னியாக்காரரைப் பிடித்து, 6.5 மில்லியன் டொலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை அவர் தன் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பிவிட்டார். 2021 இல் அங்கத்தைய நீதிமன்றம் அவருக்கு 12 வருடச் சிறை விதித்தது. பிடிபட்ட வழி முக்கியமானது. வெளிநாட்டு அரசாங்கத்துக்காக வேலை செய்பவர் பகிரங்கமாகப் பதிய வேண்டும் என்று அமெரிக்காவில் 1938 முதல் சட்டம் இருக்கிறது. கம்பனிகளுக்காக அரசாங்கத்தோடு பேசுபவரும் பதிய வேண்டும் என்று 1995 இல் இன்னொரு சட்டம். பதிவில் பொய் எழுதியதும் அவருடைய குற்றங்களில் ஒன்று. வந்த பணம் நம் நாட்டுச் சனங்களின் வரிப்பணம். அதில் தோட்டத்து மக்கள் பறித்த கொழுந்தின் காசும் இருந்திருக்கும்.

நம் நாட்டில் இப்படிப் பேசுபவர்களுக்கென்று ஒரு பதிவேடு இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்துப் பொது அதிகாரசபையிடமிருந்து கடிதம், கூட்டக் குறிப்பு முதலியவற்றைக் கேட்டு வாங்கலாம். நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இதற்கு மேல் இரண்டாவது வேலை, அதாவது விமர்சகர் வேலை. தோட்டச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது. மறுபடியும் வழக்கு. கடைசியில் அந்த வருடம் அடிப்படைச் சம்பளம் 1,350 இல் வந்து நின்றது. இதைப் பற்றி டீ.வி.யில் ஒருவர் வந்து, 'இவ்வளவு கொடுத்தால் தோட்டம் மூடப்படும்' என்கிறார். பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று போடுகிறார்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பகலில் அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று தெரிந்தால், பார்ப்பவர் அந்தச் சொல்லை வேறு தராசில் நிறுப்பார். ஆலோசகருக்குக் கட்சிக்காரர் இருக்கிறார். விமர்சகருக்கு இருப்பது பார்ப்பவரும் வாசிப்பவரும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே விஷயத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் வேலை செய்ய முடியாது. வழக்குப் பேசும் புரக்டர் அதே வழக்கில் நீதவானாக உட்கார முடியுமா?

"மாமா, எல்லாரும் செய்றாங்கதானே. இதுல என்ன பிழை ஈக்குது? நான் பொய் சொல்றல்லயே" என்றான் மருமகன்.

"பொய் சொல்றாய் என்டு நான் சொல்லல்ல. யார்ட வாயால பேசுறாய் என்டத மட்டும் சொல்லிட்டுப் பேசு. ஒரு வரிதான்."

"சொன்னா அடுத்த மாசம் அந்த வேலையும் இல்ல, டீ.வி.யும் இல்ல."

அதற்கு என்னிடம் உடனே பதிலில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், கொழும்பில் வாடகை வீடு. தன் கோப்புக்காக ஓடிய அப்பாவுக்கும் பிள்ளைகள் இருந்தன.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி

என் அறிவுக்கு எட்டிய மட்டில், நடுவில் நின்று பேசுகிறவர் எவராக இருந்தாலும் அவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். கடைக்குப் பின்னால் இருப்பவர், தொழிற்சங்கத் தலைவர், பள்ளிவாசல் நிர்வாகத்துக்காக அமைச்சரிடம் போகிறவர், கொழும்பு ஆலோசகர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, யாருக்காகப் பேசுகிறீர்கள், கூலி யார் தருகிறார்கள்? கூலி வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். இரண்டாவது, எழுதிக் கொடுத்ததன் பிரதி அந்த மனிதரின் கையில் இருக்கிறதா? அப்பாவின் பெட்டியில் இருந்த பிரதிகள் அந்தக் குடும்பங்களின் கையில் இருந்திருந்தால், பெயர் பிழைத்ததை அவர்களே கண்டிருக்கலாம். மூன்றாவது, உங்களுடைய காரியமும் அவர்களுடைய காரியமும் மோதினால் என்ன செய்வீர்கள்? 'எனக்கு இப்போது நேரமில்லை, வேறு ஆளைப் பாருங்கள்' என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவாவது வேண்டும். பிறர் கடிதம் மேசைக்கு வந்துவிட்டால் அது அமானிதம்.

இவற்றோடு, நடுவில் ஆள் தேவைப்படாத நிலைமைக்கும் பாடுபட வேண்டும். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கச்சேரிக்குத் தாங்களே போகிறார்கள். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போய்ப் பிரதி அமைச்சராகவும் ஆனார். 1947 இல் ஓர் ஆசனமும் கிடைக்காத மாகாணம் இது. கட்சி எதுவாக இருந்தாலும், இந்த மாற்றத்தின் அளவை அறிய அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

பெருநாள் முடிந்து போகும்போது மருமகன் அந்த நோட்டீஸை, ஓரத்திலுள்ள இரண்டு திகதியோடு, போனில் படம் எடுத்துக்கொண்டான். இரண்டு கிழமைக்குப் பிறகு அவனை டீ.வி.யில் பார்த்தேன். தோட்டச் சம்பளம்தான் பேச்சு. கீழே 'அரசியல் விமர்சகர்' என்று மட்டும் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மாமா, இந்தமுற சொல்லல்ல. வாய் வரைக்கும் வந்த."

"சரி மகன்" என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு, இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதப்போகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தான்.

"எழுதுங்க மாமா. என்ட பேரப் போடாதீங்க. அப்பாட பெட்டிய மட்டும் பத்திரமா வைங்க, அடுத்தமுற வந்தா முழுசா பாக்கணும்."

பெட்டி பத்திரமாக இருக்கிறது.